பேர் சொல்லாத ஊர்

ஜனவரி 8, திங்கள்

இன்று முதல் நாள். ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். ஏப்ரல் கடைசி வரை அவர் இடத்தில் நான். பிள்ளைகள் இருபத்தாறு பேர்.

நிலத்தோற்றங்கள் பாடம். மலை, பீடபூமி, சமவெளி என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். குரல் வரவில்லை. கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டால் மட்டும் வாய் திறந்தவள் நான். முகிலரசன் என்றொரு பையன், "டீச்சர், சவுண்டு வரல, வால்யூமக் கூட்டுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஆசிரியர் அறையில் அலமேலு டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "ஏம்மா ரேணுகா, நீ பேசுறது ஒனக்காவது கேக்குதா?"

வீட்டுக்கு வந்தபோது அம்மா உப்பளத்திலிருந்து வந்து காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். "புள்ளைவோ ஒனக்குப் பயப்புடுதுவோளா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். எங்கள் தெருவில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அவளிடம் வேறென்ன சொல்வது?

ஜனவரி 9, செவ்வாய்

இன்றும் அப்படியே.

ஜனவரி 10, புதன்

புத்தகத்தை மூடிவிட்டேன். கரும்பலகையைப் பார்த்து நின்றபடி, சுவரிடம் சொல்வதுபோல ஒரு கதை சொன்னேன். ஒரு பெண் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்புகிறாள். அவள் ஊரில் குன்றுகள் ஒரு இடத்தில் இருப்பதில்லை. நேற்று வாசலுக்கு எதிரே இருந்த குன்று இன்று கொல்லைப்பக்கம் போய்விடும். பகலில் தரை அடுப்பு மாதிரி. பொழுது சாய்ந்தால் பல் கிட்டும். அவள் வழி தவறாமல் இருப்பதற்கு ஒட்டகத்தின் மூக்கை மட்டும்தான் நம்பியிருக்கிறாள். ஊரின் பெயரைச் சொல்லவில்லை.

பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறு வாயும் திறந்திருந்தன.

"எந்த ஊரு டீச்சர் அது?"

"கண்டுபிடிங்க."

சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்தை நோக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். ஜெசிமாதான் முதலில் ராஜஸ்தான்மேல் விரலை வைத்தாள். மணி அடித்த பிறகும் யாரும் கலையவில்லை.

கதைக்குள் இருக்கும்போது என் குரல் எனக்கே கேட்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

விளையாட்டுக்குப் 'பேர் சொல்லாத ஊர்' என்று பெயர் வைத்தோம். கதை சொல்பவர் ஊர், ஆறு, மலை எதன் பெயரையும் சொல்லக் கூடாது. மண்ணின் நிறம், தண்ணீரின் ருசி, காற்று வரும் திசை, ஆட்கள் தலையில் சுமப்பது இவற்றைச் சொல்லலாம். கேட்பவர்கள் வரைபடத்தில் இடத்தைத் தேட வேண்டும். "உள்ளதை உள்ளபடி சொன்னால் யாராவது கண்டுபிடித்தே தீருவார்கள். யாராலும் முடியவில்லை என்றால் சொன்னவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்தேன். முகிலரசன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

தலைமையாசிரியர் பரஞ்சோதி சார் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று சொல்லிப் போனார். வேலைக்கு வந்து ஐந்தாம் நாளில் கிடைத்த முதல் 'நல்லாருக்கு'.

ஜனவரி 19, வெள்ளி

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். சஷ்மிதா. பொள்ளாச்சிப் பக்கம். அவள் அம்மா பூங்கொடி இங்கே உப்பு வாரப் போகிறார். உடுமலைப் பக்கம் நூல் மில்லில் அவரோடு வேலை பார்த்த எங்கள் ஊர் செண்பகவல்லிதான் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் குடிவைத்துவிட்டுத் திரும்பவும் மில்லுக்குப் போயிருக்கிறாள். பரஞ்சோதி சார் தாயின் வாய்ச்சொல்லை வைத்தே பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்.

சாயந்தரம் பூங்கொடி அக்கா அடிபம்பு அருகே எனக்காகக் காத்திருந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு நிமிசமுங்க."

"சொல்லுங்கக்கா."

"எம்பட ஊட்டுக்காரருக்கு நாங்க இங்க இருக்கறது தெரியாதுங்க. தேடிட்டு இருக்கறாரு. தெரிஞ்சா உசுரோட உட மாட்டாருங்க." முந்தானையை விலக்கி இடது கையைக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "காப்பி ஆறிப்போச்சுன்னுதானுங்க இது." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "புள்ளையோட போட்டா எங்கயும் போட்றாதீங்க. போன்ல யாரையும் புடிக்க உட்றாதீங்க டீச்சர். உங்களக் கும்புட்டுக்கறேன்."

"இல்லக்கா, போட மாட்டேன்."

என்னை ஒருவர் கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 24, புதன்

அந்தப் பெண் நான்கு நாட்களாகப் பேசவில்லை. பேசினால் இவர்கள் விடுவதில்லை. "ஏனுங்க, ஒண்ணுக்குப் போனீங்களாங்க? வந்துட்டீங்களாங்க?" என்று ஆளாளுக்கு இழுக்கிறார்கள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதட்டியிருக்கலாம். அதட்டல் எனக்கு வராது.

மத்தியானம் முகிலரசன் வந்து, "டீச்சர், இவ நாய்க்குட்டியக்கூட வாங்க போங்கங்குறா!" என்றான்.

சஷ்மிதா எழுந்து நின்று, "நாய் உங்களாட்டம் வம்புக்கு வர்றதில்லீங்க. அதான் மருவாதி" என்றாள்.

முகிலரசனைப் பார்த்து வகுப்பு சிரித்த சிரிப்பில் ஓட்டின்மேல் இருந்த காக்கை பறந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவளை இழுக்கவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று சஷ்மிதாவின் முறை. முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"எங்கூர்ல மலை ஒரு எடத்துல ஒடஞ்சு கெடக்குதுங்க, தொறந்து போட்ட வாசக்கதவாட்டம். அந்த வழியா காத்து நொழைஞ்சு வரும். செருப்ப வெளிய உட்டா காலைல அடுத்த ஊட்டு வாசல்ல கெடக்கும். காத்தைப் புடிச்சு அரைக்கறதுக்கு மூணு கை பூதம் வரிசையா நிக்குதுங்க. அதுக்குத் தூக்கமே இல்ல. கொளத்துல தேங்கா மட்டைய ஊறப் போட்டிருப்பாங்க, அந்த நாத்தம் புடிச்ச தண்ணிலதான் எங்கூர்ல எல்லாருக்கும் சோறு."

பத்து நிமிடத்தில் மூன்று பேர் பாலக்காட்டுக் கணவாய்க்குப் பக்கத்தில் விரலை வைத்தார்கள். கணவாயைப் பற்றிக் கல்லூரியில் மூன்று பக்கம் மனப்பாடம் செய்து பன்னிரண்டு மதிப்பெண் வாங்கினேன். அந்த மலை உடைந்து கிடப்பதை இன்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பரஞ்சோதி சார் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு அறக்கட்டளை கதை வழிக் கற்பித்தலுக்கு மாநில அளவில் போட்டி வைக்கிறது. ஐந்து நிமிட வீடியோ. அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஏற்றுவார்கள். அதிகம் பேர் பார்த்துக் கருத்து எழுதும் வீடியோவுக்குத் தனி மதிப்பெண்.

"நம்ம ஸ்கூலுக்கு இதுவரைக்கும் கபடில ஒரு கப்பு, அவ்வளவுதான். நீ பண்ணும்மா. பேரு வந்துச்சுன்னா வர்ற வருஷமும் ஒன்னயே வெச்சுக்கச் சொல்லி கமிட்டில நான் பேசுறேன்."

அம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே தெருவில் போய்ச் சொல்லிவிட்டாள். இன்னும் வீடியோவே எடுக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஜெசிமாவை வைத்து எடுத்துப் பார்த்தேன். தண்டவாளம்போல விறைத்துக்கொண்டு ஒப்பித்தாள். முகிலரசன் கேமராவைப் பார்த்ததும் செய்தி வாசிப்பவர்போல ஆகிவிட்டான். நான் நடுவில் பேசும் இடங்களில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

பரஞ்சோதி சார் இரண்டையும் பார்த்தார். "அந்தக் கோயமுத்தூர்ப் புள்ளய விடேன். அது பேசுனா கல்லும் உக்காந்து கேக்கும்."

பெரியவர்கள் முன்னால் எனக்கு மறுத்துப் பேச வராது.

பிப்ரவரி 8, வியாழன்

எடுத்தாகிவிட்டது. நான் மிகவும் கவனமாக இருந்தேன். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைபடம் வரைந்து, அதன்மேல் நகரும் அவளுடைய கைகளை மட்டும்தான் எடுத்தேன். முகம் ஒரு இடத்திலும் இல்லை. பெயரும் இல்லை. பூங்கொடி அக்கா வேண்டாம் என்று சொன்னது போட்டோவைத்தான்.

கதை எங்கள் ஊரில் வந்து முடிய வேண்டும், பார்க்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். மற்றதெல்லாம் அவள் தானாகச் சொன்னது. மறந்துவிடாமல் இருக்க எழுதிவைக்கிறேன்:

"ஒரு பெரிய மேகம், ஒரு குட்டி மேகம். ஒடஞ்ச மலைக்குப் பக்கத்துல இடி வீட்டுல ரெண்டும் இருந்துச்சுங்க. இடிக்குக் கோவம் வந்தா பெரிய மேகத்தோட கைய ஒடச்சுப்போடும். குட்டி மேகம் அரிசி அண்டாவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். ஒரு நா இடி தூங்கறப்போ ரெண்டும் கெளக்கால ஓடி வந்துருச்சுங்க. தனிப் பாறைமேல கோட்டை இருக்கற ஊரத் தாண்டி, ஒரே ஆறு நாலஞ்சா பிரியற ஊரத் தாண்டி, நெலம் முடியற மூலைக்கு வந்துருச்சு. அங்க இந்தப் பக்கமும் கடலு, அந்தப் பக்கமும் கடலு. பனியே இல்லாம வெள்ளை மலை இருக்கும், நக்குனா கரிக்கும். செவந்த றெக்கை பறவை ஒத்தக் கால்ல நிக்கும். ஆளில்லாத குதிரைங்க அதுபாட்டுக்கு மேயும். அங்க இடி வராதுங்க. அதுக்கு வழி தெரியாது."

இயற்கை நிகழ்வுகளுக்கு உயிர் கொடுத்துச் சொல்லும் உத்தி என்று விண்ணப்பத்தில் எழுதினேன்.

பூங்கொடி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று உப்பளம் வரை போனேன். பாத்தியில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் எதற்குத் தொந்தரவு என்று திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். சார் எல்லா ஆசிரியர் குழுக்களிலும் அனுப்பியிருக்கிறார். அலமேலு டீச்சர், "ஏண்டி ஸ்டாரு, என் நோட்டுல ஒரு ஆட்டோகிராப் போட்டுக் குடு" என்றார். முதல் தடவையாக அவருடைய டப்பாவிலிருந்து மீன் வறுவல் ஒரு துண்டு எனக்கு வைத்தார்.

பிப்ரவரி 14, புதன்

இரண்டாயிரத்து நூறு. கருத்துகள் எழுபதுக்கு மேல். 'தூத்துக்குடி', 'தனுஷ்கோடி', 'மரக்காணம்' என்று எழுதுகிறார்கள். யாருக்கும் சரியாக வரவில்லை. மறுபடியும் வந்து பார்க்கட்டும் என்று ஒரு குறிப்பு கொடுத்தேன்: 'வடக்கிலிருந்து இறங்கி வரும் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை.'

சஷ்மிதாவிடம் போனைக் காட்டினேன். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்றாள். "சொல்லிக்கலாம்" என்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

முதல் சரியான விடை இன்று வந்தது. முருகன் படம் போட்ட ஒருவர். 'வேதாரண்யம் கோடியக்கரை பக்கமுங்களா மேடம்?' என்று எழுதியிருந்தார். 'சரியான விடை! வாழ்த்துகள் சார்' என்று போட்டேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் எழுதினார்: 'குழந்தை அருமையா சொல்லுதுங்க. எந்த ஸ்கூலுங்க?'

ஆண்களுக்கு நேரில் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. எழுதுவது சுலபம். பள்ளியின் பெயர், ஊர், உப்பு குடோனுக்கு எதிரே என்று எல்லாம் எழுதினேன். ஒரு இதயம் அனுப்பினார்.

பிப்ரவரி 17, சனி

இரண்டு புடவை துவைத்தேன். ஒன்றுக்குக் கஞ்சி போட்டேன். அம்மாவுக்குப் பித்தவெடிப்பு ஆறவில்லை. களிம்பு வாங்க வேண்டும்.

அந்த ஆள் எழுதிய 'ங்க' மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கோயமுத்தூர் முழுக்க அப்படித்தான் பேசுகிறது. லட்சம் பேர் இருப்பார்கள். பதிலை அழித்துவிடலாமா என்று போனை எடுத்தேன். நடுவில் அழித்தால் போட்டி நடத்துகிறவர்கள் ஏன் என்று கேட்கக்கூடும். நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

பத்தரை மணிக்குப் பியூன் வந்து, சஷ்மிதாவைக் கூட்டிக்கொண்டு சார் அறைக்கு வரச் சொன்னார்.

நடந்து போகும்போது, "யாரு வந்துருக்காங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"வா, பாத்துக்கலாம்" என்றேன். வராந்தா முனையில் வெள்ளைக் கார் நிற்பதை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். அவள் கை என் கைக்குள் ஈரமாகிவிட்டது. நிற்கப் பார்த்தாள். நான் நடந்துகொண்டிருந்தேன். கையைப் பிடித்திருந்ததால் அவளும் வந்தாள்.

அவர் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். தங்கமுத்து என்று பெயர். மேசைமேல் ஆதாரும் ரேஷன் அட்டையும் இருந்தன. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்த படம்கூட வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு. அப்பன மறந்துட்டியா சாமி?"

அவள் அழவில்லை. அவள் நின்ற இடத்தில் தரை நனைந்தது.

"எங்கம்மாளக் கூப்புடுங்க டீச்சர்" என்றாள். அவரைப் பார்த்தோ சாரைப் பார்த்தோ சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் சாரைப் பார்த்தேன். சார் ரேஷன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெத்த தகப்பன். எல்லாத்துலயும் பேரு இருக்கு. நாம யாரும்மா தடுக்க? நாளைக்குப் புள்ளயப் புடிச்சு வெச்சிருக்காவோன்னு கேசு குடுத்தா பதில் சொல்லணும்." பிறகு அவரிடம், "அவங்க அம்மா வரட்டுமே, ஒரு வார்த்தை பேசிட்டு..." என்று இழுத்தார்.

"அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க சார். புள்ள ஊட்டுல இருக்குது, வர்றதுன்னா வரச்சொல்லுங்க. நான் ஒண்ணுஞ்சொல்ல மாட்டேன்" என்றார். குரலில் அவ்வளவு அமைதி.

கையெழுத்து வாங்க சார் உள்ளே நோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் வராந்தாவுக்கு வந்தார். ஒரு கையில் சஷ்மிதா. மறு கையில் ஸ்வீட் டப்பா. அதை என்னிடம் நீட்டினார்.

"வகுப்புக்குக் குடுங்க டீச்சர். நீங்கதானுங்க புண்ணியம் கட்டிக்கிட்டீங்க. ரெண்டு மாசமா நாயாட்டம் அலைஞ்சேன். சித்தப்பன் மவன் ஒருத்தன் வாத்தியாரு, அவன்தான் வீடியோ அனுப்புனான். மூஞ்சி இல்லீங்க. ஆனா இடி கைய ஒடச்சுதுன்னு சொன்னா பாருங்க..." சிரித்தார். "அங்கயே தெரிஞ்சுபோச்சு. மேல, சரியான விடைன்னு நீங்களே போட்டுட்டீங்க."

சஷ்மிதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கார் போய்விட்டது. உப்பளம் பத்து நிமிட நடை. ஓடினால் ஆறு நிமிடம். அப்போதே ஓடியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? இரண்டாவது பாடவேளை பாதியில் நின்றிருந்தது. வகுப்புக்குப் போனேன். டப்பாவில் மைசூர்பாகு. ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒன்று மிச்சம் வந்தது. ஜெசிமா எடுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா வந்தா மிச்சரு கூட வாங்கியாற மாட்டாரு" என்றான் முகிலரசன், மென்றுகொண்டே.

பிப்ரவரி 21, புதன்

வருகை இருபத்தாறு.

நேற்று மத்தியானம் நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

ஒரு மணிக்குப் பூங்கொடி அக்கா பள்ளிக்கு வந்தார். யாரோ கார் வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. சார் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சார் நடந்ததைச் சொன்னார். 'வர்றதுன்னா வரச்சொல்லுங்க' என்று அந்த ஆள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். அக்கா கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்து நான் கதவோரம் நின்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், கடைக்காரர் 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று சொன்னதைக் கேட்பதுபோல.

"எப்பிடிங்க தெரிஞ்சுது அவருக்கு?"

"யாராச்சும் சொல்லிருப்பாவோம்மா. ஊர் வாய மூட முடியுமா" என்றார் சார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கேட்டார். "நான் யாருகிட்டயும் மூச்சுடலீங்களே டீச்சர். அந்த மில்லுல இருந்தவங்களுக்குக்கூடத் தெரியாதுங்க. செம்பகத்துக்கு மட்டுந்தான்..." நின்றார். "செம்பகம் சொல்லிப்போட்டாளோ?"

நான் அடிபம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காசு கீசு குடுத்துக் கேட்டிருப்பாரோ? அவளா அப்பிடிப் பண்ணுவா?"

"இருக்கலாம்க்கா" என்றேன்.

அவர் முகம் அப்போதுதான் உடைந்தது. கார் வந்தது, பிள்ளை போனது என்று கேட்டபோது உடையாத முகம். "கூடப் பொறந்தவளாட்டம் நம்பினேனுங்க" என்றார். உப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்து, அது எரிந்து, குழாயடியில் போய் முகத்தைக் கழுவினார்.

போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். கேட்டேன், அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

"ரெண்டு தடவ போயிருக்கேனுங்க. சமாதானம் பேசி அவரோடயே அனுப்பி வெச்சாங்க. ரெண்டாந்தடவ போனதுக்குத்தான் இந்தக் கை." காப்பி ஆறிப்போனதற்கு என்றல்லவா முன்பு சொன்னார்? கேட்கவில்லை. "நான் போகலீன்னா அவ மேல கை வெப்பாருங்க. நான் இருந்தா எம்மேலதான். போறேன்."

பிறகுதான் அதைக் கேட்டார். வந்தபோது முந்தானையால் மூடிக்கொண்டே வந்ததால் வழி எதுவும் தெரியாது. செண்பகவல்லிதான் பேருந்து மாற்றி மாற்றிக் கூட்டிவந்தாள். "நீங்கதான் ஊரு, வழியெல்லாம் பாடம் நடத்தறவங்க. எப்பிடிப் போகோணும்னு சொல்லுங்க டீச்சர்."

அலமேலு டீச்சரிடம் வகுப்பை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். ஒரு தாளில் எழுதினேன். திருத்துறைப்பூண்டி, தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி. பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, தெளிவாக எழுதினேன். அவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார்.

"பள்ளிக்கூடம் ரெண்டு வருசந்தானுங்க."

தாளை நேராகத் திருப்பிக் கொடுத்தேன். பேருந்து வர நேரம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே முறையில் சொன்னேன்.

"ஒரு மேகம் கிளம்புதுக்கா. முதல்ல இந்த உப்பு முடியும், தென்னந்தோப்பு முடியும், ரெண்டு பக்கமும் வயலா வரும். வயல் நடுவுல பெரிய கோபுரம் தனியா வானத்துல தெரியுற ஊர்ல எறங்கி அடுத்த பஸ் ஏறணும். ஊருக்கு நடுவுல பாறைமேல புள்ளையார் உக்காந்திருக்குற ஊருக்கு அது போகும். அங்க பஸ் ஸ்டாண்டு ரொம்பப் பெருசு, யாருகிட்டயாவது கேக்கலாம். அடுத்து வயல் போயி செம்மண்ணு வரும். மொட்டப் பாறை, மேல கோட்டை. அங்க மறுபடி மாறணும். அதுக்கப்புறம் மலை இடது கைப்பக்கமா கூடவே வரும், விடாது. மொட்டை அடிச்சவங்களா பஸ்ல ஏறுவாங்க. அதையும் தாண்டினா காத்தாடி நிக்கும்."

"மூணு கை பூதம்" என்றார் அக்கா.

நான் அவரைப் பார்த்தேன்.

"புள்ள ஊட்டுல சொல்லிட்டே இருப்பாளுங்க. உங்க கதை எல்லாத்தையும் வந்து எனக்குச் சொல்லுவா. உங்க வகுப்புன்னா உசுரு அவளுக்கு."

"ஒருதடவ திருப்பிச் சொல்லுங்கக்கா" என்றேன்.

சொன்னார். வயல், கோபுரம், பாறைமேல் பிள்ளையார், செம்மண், கோட்டை, இடது கைப்பக்கம் மலை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒரு இடத்திலும் தவறவில்லை. இவ்வளவு நன்றாக என் வகுப்பில் ஒருவரும் திருப்பிச் சொன்னதில்லை.

சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. செண்பகவல்லி இல்லை என்று ஒரே வரி. பேருந்து வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. அது வந்து நிற்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. தூசி அடங்கும்வரையும் இருந்தது.

அக்கா கையில் ஒரு துணிப்பைதான். படியில் ஏறி, கம்பியைக் கோணல் கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"மலை எடக்கைப் பக்கந்தானுங்களே வரோணும்?"

"ஆமாக்கா" என்றேன், கண்டக்டருக்கும் கேட்கும் அளவுக்குத் தெளிவாக. "இடது கைப்பக்கம். அது வலது பக்கம் வந்தா எறங்கிருங்க, வேற ஊருக்குப் போறீங்கன்னு அர்த்தம்."